அம்மையான பேயார்

பேய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நெஞ்சில் முதலில் எழுவது அச்சம். அந்தச் சொல்லையே தன் பெயராக விரும்பி ஏற்றுக்கொண்டு, தான் பாடிய பாட்டின் முடிவில் கையொப்பம் இடுவதுபோல் பதித்து வைத்த ஒரு பெண்மணி தமிழ்நாட்டில் வாழ்ந்திருக்கிறார். அவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது எந்த நூலும் அன்று. ஒரு சிறுவன் கேட்ட கேள்விதான்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை. செல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பருவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் அருகில் அமர்ந்து கார்ட்டூன் படம் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை வெளேரென்று பஞ்சுப்பொதி போன்ற ஒரு சின்னஞ்சிறு பேய். அதன் பெயர் காஸ்பர். அமெரிக்காவில் 1945-ஆம் ஆண்டு திரையரங்குகளுக்கான குறும்படமாக முதலில் வந்தது. பிறகு படக்கதையாயிற்று. பின்னர் தொலைக்காட்சிக்கு வந்து, 1979-இல் சனிக்கிழமைக் காலைத் தொடராகவும் ஒளிபரப்பாயிற்று. கதை எப்போதும் ஏறத்தாழ ஒன்றுதான். மற்றப் பேய்கள் மனிதரை மிரட்டி மகிழும். இந்தப் பேயோ தோழமை தேடிப் போகும். அது வணக்கம் சொல்ல வாய் திறந்தால் போதும், எதிரே நிற்பவர் அலறியடித்து ஓடிவிடுவார். அது தனியே நின்று அழும்.

அதைப் பார்த்த சிறுவன் என் பக்கம் திரும்பி, பேய்கூட நல்லதாக இருக்குமா மாமா என்று கேட்டான். விளையாட்டாக ஏதேனும் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. உடனே இரண்டு பேர் என் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் எங்கள் தெரு முனையில் வாழ்ந்து மறைந்த ஒரு மூதாட்டி. மற்றவர், நம் கல்லூரியில் தமிழ் வகுப்பில் நான் அறிந்துகொண்ட காரைக்கால் அம்மையார். மூதாட்டியைப் பற்றி இறுதியில் சொல்கிறேன். முதலில் அம்மையார் வரலாற்றைக் காண்போம்.

வணிகர் குலக்கொடி

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் பெண்கள் மூவர். ஒருவர் நம் மதுரையில் அரசு வீற்றிருந்த பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார். மற்றொருவர் சுந்தரரைப் பெற்ற இசைஞானியார். அரசனின் தேவி என்றும், அடியாரின் அன்னை என்றும் அவர்களை உலகம் அறிகிறது. மூன்றாமவரான காரைக்கால் அம்மையாருக்கு அத்தகைய துணைப்பெயர் எதுவும் தேவைப்படவில்லை. மூவருள் பாடல்கள் எழுதி வைத்துச் சென்றவரும் அவர் ஒருவரே.

அவர் காலம் கி.பி. 6-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். தேவாரம் பாடிய மூவருக்கும் அவர் முற்பட்டவர். வாழ்க்கை வரலாற்றை விரிவாகத் தருபவர் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். இருவருக்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. ஆகவே நான் இங்குக் கூறும் வாழ்க்கைக் கதை, மக்கள் உள்ளத்தில் வழிவழியாக வாழ்ந்து சேக்கிழார் வாக்கில் நிலைபெற்ற கதை என்பதை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்.

சோழநாட்டின் கடற்கரையில் கப்பல் வாணிகத்தால் செழித்த பட்டினம் காரைக்கால். இன்று அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே வணிகர் தலைவனாக விளங்கிய தனதத்தனுக்கு ஒரே மகளாகப் பிறந்தவர் புனிதவதியார். பேசத் தொடங்கிய பருவத்திலேயே சிவபெருமானிடம் பேரன்பு கொண்டார். இதற்கு அவருடைய பாட்டே சான்று. மொழி பயின்ற நாள் முதலாகவே இறைவன் திருவடியை நாடிவிட்டதாக அற்புதத் திருவந்தாதியின் முதற்பாட்டில் அவரே குறிப்பிடுகிறார்.

மணப்பருவம் எய்தியபோது, நாகப்பட்டினத்து வணிகன் நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவரை மணம் செய்து கொடுத்தனர். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, மருமகனைக் காரைக்காலிலேயே இருத்தி, தம் வீட்டை அடுத்தே மனையும் பொருளும் அளித்தார். பரமதத்தன் வாணிகத்தில் வல்லவன். புனிதவதியார் இல்லறத்தில் குறையில்லாதவர். அடியார் வந்தால் அன்னமிடுவார். பொன்னும் துணியும் ஈவார். ஊரார் கண்ணுக்கு இதைவிட நிறைவான குடும்பம் இருந்திருக்க முடியாது.

இரண்டு மாங்கனிகள்

ஒரு நாள் பரமதத்தன் கடையில் இருந்தபோது, அவனைக் காண வந்த சிலர் இரண்டு மாங்கனிகளைக் கொடுத்தனர். அவன் அவற்றை வீட்டுக்கு அனுப்பினான். சற்று நேரத்தில் பசியால் வாடிய சிவனடியார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சோறு ஆகியிருந்தது, கறி இன்னும் ஆகவில்லை. வந்தவரைக் காக்க வைக்க மனமின்றி, சோற்றுடன் ஒரு மாங்கனியை வைத்துப் படைத்தார் புனிதவதியார்.

நண்பகலில் கணவன் உண்ண வந்தான். மீதமிருந்த கனியை இலையில் வைத்தார். அதன் சுவையில் மயங்கிய அவன் மற்றதையும் கேட்டான். அம்மையார் திகைத்தார். எடுத்து வருபவர்போல உள்ளே சென்று இறைவனை நினைத்தார். கையில் ஒரு கனி வந்தது. அதைக் கொண்டுவந்து இட்டார். முன்னதிலும் பன்மடங்கு இனித்த அந்தக் கனி எங்கிருந்து கிடைத்தது என்று கணவன் வினவினான். மறைத்திருக்கலாம், ஆயினும் கணவனிடம் பொய் கூறலாகாது என்று நடந்ததை நடந்தபடியே சொன்னார். அவன் நம்பவில்லை. அப்படியானால் இன்னொன்று வரவழைக்கும்படி கேட்டான். அம்மையார் மீண்டும் வேண்ட, மீண்டும் கனி வந்தது. அதை அவன் கையில் வைத்தார். வாங்கிய மாத்திரத்தில் அது மறைந்து போயிற்று.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். புனிதவதியார் செய்த தவறு என்ன? பசித்தவருக்குச் சோறிட்டார். கேட்ட கணவனுக்கு உண்மை சொன்னார். கேட்டதைக் கொடுத்தார். இம்மூன்றில் எதற்காகவும் ஒருவரைக் குறை கூற இயலாது. ஆனால் அந்த நொடியிலிருந்து பரமதத்தன் மனைவியைக் கண்டு அஞ்சத் தொடங்கினான். இவள் மானிடப் பெண் அல்லள், அணங்கு என்று எண்ணினான். அந்த அச்சத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்தபடியே உறவை முறித்துக்கொண்டான்.

கடல் கடந்த கணவன்

பிறகு அவன் கப்பல் ஒன்று கட்டுவித்தான். வாணிகத்தின் பொருட்டு அயல்நாடு செல்வதாகக் கூறிக் கடலேறினான். பெரும்பொருள் ஈட்டித் திரும்பியவன் காரைக்காலுக்கு வரவில்லை. நம் பாண்டி நாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் கரையிறங்கி அங்கேயே குடியேறினான். அவ்வூர் வணிகன் ஒருவனின் மகளை மணந்தான். பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் சூட்டினான். விட்டு வந்த மனைவியைத் தெய்வமாக எண்ணி அவன் இதைச் செய்தான் என்கிறார் சேக்கிழார்.

தெய்வம் என்று போற்றினான். அதைச் சொல்ல ஓர் ஓலைகூட அனுப்பவில்லை. காரைக்காலில் அம்மையார் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாரோ! மணமான பெண் கணவனின்றித் தனியே வாழ்ந்தால் ஊர் என்னென்ன பேசும் என்பதை நாம் அறிவோம். காலம் மாறியிருக்கலாம்; அந்தப் பேச்சு இன்றும் அதிகம் மாறிவிடவில்லை. போனவன் நல்லவன் என்றால் இருப்பவளிடம் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதில் ஊரார் வல்லவர்கள்.

ஒரு நாள் பரமதத்தன் இருக்குமிடம் உறவினருக்குத் தெரியவந்தது. அவர்கள் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அங்கே அழைத்துச் சென்றனர். செய்தி அறிந்த பரமதத்தன் இரண்டாம் மனைவியையும் மகளையும் உடன் அழைத்துக்கொண்டு எதிர்கொண்டு வந்தான். வந்தவன் அம்மையார் காலில் விழுந்து வணங்கினான். அம்மையார் அஞ்சி ஒதுங்கி நின்றார். மனைவியைக் கணவன் வணங்குவதாவது என்று சுற்றத்தார் வியந்து கேட்டனர். இவர் மானிடர் அல்லர் என்றும், அதனாலேயே தாம் விலகி வந்து பெற்ற மகளுக்கு இவர் பெயரை இட்டதாகவும் அவன் எல்லார் முன்னிலையிலும் உரைத்தான்.

வேண்டிப் பெற்ற உருவம்

அந்தத் தெருவில், அத்தனை பேர் நடுவே நின்ற அம்மையாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மனைவி என்ற இடம் போயிற்று. தாய்வீடு திரும்பினால் வாழாவெட்டி என்ற பெயர் காத்திருக்கிறது. தெய்வம் என்ற பட்டம் கிடைத்தது. அதுவும் விலகி ஓடியவன் கொடுத்த பட்டம். இத்தனைக்கும் நடுவில் அவர் கண்ணீர் விட்டதாகவோ, கணவனைச் சபித்ததாகவோ வரலாறு கூறவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கணவனுக்காகத் தாங்கியிருந்த இந்த அழகுடைய தசைப்பொதி இனி வேண்டாம். இறைவன் திருவடியைச் சூழ்ந்து நின்று போற்றும் பேய் வடிவு வேண்டும் என்று இறைஞ்சினார். அப்படியே ஆயிற்று. உடலின் தசை உதிர்ந்து எலும்புருவாக நின்றார். வானோர் மலர் தூவினர். உறவினரோ வணங்கிவிட்டு அச்சத்துடன் அகன்றனர்.

முன்பு கணவன் ஒருவன் அஞ்சினான். இப்போது உலகமே அஞ்சியது. ஆனால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னது பிறர் அவர்மேல் சுமத்தியது. பின்னது அவரே விரும்பி எடுத்துக்கொண்டது. அழகு இருந்தபோது மனைவியாகவும், தெய்வமாகவும் பிறர் கண்ட உருவத்திலேயே அவர் நிற்க நேர்ந்தது. பேயானபோது முதன்முறையாகத் தாமே தேர்ந்த உருவத்தில் நின்றார். அந்த நிலையில்தான் அற்புதத் திருவந்தாதியும் திருவிரட்டை மணிமாலையும் பாடினார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

தலையால் நடந்த வழி

பின்னர் கயிலை நோக்கிப் புறப்பட்டார். கண்டவர் அஞ்சி ஓடினர். உலகத்தார் தம்மை எப்படிக் கண்டால் என்ன, இறைவன் அறிந்தால் போதும் என்று அவர் நடந்தார். கயிலை மலையை நெருங்கியதும், அப்புனித மண்ணைக் காலால் மிதிக்க மனம் கூசித் தலையால் நடந்து ஏறினார். எலும்பு வடிவம் ஒன்று தலைகீழாக ஏறிவருவதைக் கண்ட உமையம்மை, அது யார் என்று இறைவனிடம் வினவினார். இவள் நம்மைப் பேணும் அம்மை என்று இறைவன் விடையளித்தார். அருகில் வந்தவரை அம்மையே என்று அழைத்தார். அப்பா என்று அவர் அடிவீழ்ந்தார்.

தாயும் தந்தையும் இல்லாத பிறவா யாக்கைப் பெரியோன் என்று சிவபெருமானைப் போற்றுவர். அவருக்கு ஒரு தாய் கிடைத்தது ஒரு பேயிடத்தில்! மகப்பேறு வாய்க்காத, கணவனால் விடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பட்டம் யார் தர இயலும்? என்ன வேண்டும் என்று இறைவன் கேட்டபோது, குறையாத அன்பு வேண்டும் என்றார். பிறவாமை வேண்டும், பிறந்தால் மறவாமை வேண்டும் என்றார். இறைவன் ஆடும்போது அடியின்கீழ் இருந்து பாட வேண்டும் என்றார். திருவாலங்காட்டுக்குச் செல்லும்படி இறைவன் பணித்தார்.

சேக்கிழாருக்கு முன்னரே நம்பியாண்டார் நம்பி தம் திருத்தொண்டர் திருவந்தாதியில் அம்மையாருக்கு ஒரு பாட்டு அளித்திருக்கிறார். அதில் மாங்கனி இல்லை, கணவன் இல்லை. தலையால் நடந்ததும் உமை நகைத்ததும் அம்மை என்று அழைக்கப்பெற்றதுமே இருக்கின்றன. அதற்கும் முன்னே சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் பேயார் என்ற ஒரே சொல்லால் அவரைக் குறித்து வணங்கினார். பேய் என்ற சொல்லோடு ஆர் விகுதி சேர்ந்தபோது அந்தச் சொல்லே மரியாதை பெற்றுவிட்டது.

ஆலங்காட்டின் இரு பேய்கள்

திருவாலங்காடு இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஐந்து அம்பலங்களுள் நம் மதுரை வெள்ளியம்பலம்; திருவாலங்காடு இரத்தின சபை. காளியோடு போட்டியிட்டு இறைவன் காலை வானுறத் தூக்கி ஆடிய தலம் அது.

அதன் அருகே பழையனூர் என்னும் ஊர் உண்டு. அந்த ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தியை முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் கூறுகின்றன. தமிழகத்தின் பெயர்பெற்ற இன்னொரு பேயும் அந்த ஊருக்கு உரியதே. கணவனால் கொலையுண்ட ஒருத்தி, மறுபிறவியில் அவனைப் பழிவாங்க நீலி என்னும் பேயாக வந்தாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனே தன் கணவன் என்று பழையனூர் வேளாளர்களிடம் முறையிட்டாள். அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று சொல்லி, அவர்கள் அவனை அவளுடன் அனுப்பினர். அவள் அவனைக் கொன்றாள். சொன்ன சொல் தவறாத எழுபது வேளாளரும் தீயில் இறங்கினர்.

ஒரே வட்டாரத்தில் இரண்டு பேய்கள். இருவரும் கணவனால் துன்புற்றவர்கள். ஒருத்தி தீங்குக்குத் தீங்கு செய்தாள். அவளோடு தொடர்பற்ற எழுபது பேர் மாண்டனர். மற்றவர் தமக்கு நேர்ந்ததைப் பாட்டாக்கினார். நீலியைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் பட்டது கொடுமை. ஆயினும் துன்பத்திலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டு என்பதை அந்த மண் காட்டுகிறது.

நீலியின் வஞ்சத்தைத் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுட்டிய திருஞானசம்பந்தர், அம்மையார் தலையால் நடந்த ஊர் என்பதால் அங்கே காலடி வைக்க அஞ்சி ஊர்ப்புறத்தே தங்கினார் என்று பெரியபுராணம் கூறும். அதே சம்பந்தர்தான் எங்கள் செல்லூர்த் திருவாப்புடையார் கோயிலையும் திருஆப்பனூர் என்று பாடியவர். அந்தக் கோயில் வாசலில் விளையாடி வளர்ந்த எனக்கு இது தனி மகிழ்ச்சி தருகிறது.

பாட்டில் காணும் அம்மையார்

அம்மையாரின் பாடல்கள் பதினோராம் திருமுறையில் அமைந்துள்ளன. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. இவற்றில் 22 பாடல்கள். திருவிரட்டை மணிமாலை 20. அற்புதத் திருவந்தாதி 101. ஆக மொத்தம் 143 பாடல்கள். தேவாரப் பதிகங்களுக்கு முன்னோடியாக அமைந்தமையால் மூத்த என்ற அடைமொழி பெற்றன. நட்டபாடை, இந்தளம் ஆகிய பண்களில் அவை பாடப்பெறுகின்றன.

இப்பாடல்களில் மாங்கனியைக் காணோம், பரமதத்தனைக் காணோம், புனிதவதி என்ற பெயரும் இல்லை. காரைக்கால் பேய் என்றே தம்மைக் குறிக்கிறார். அச்சம் என்பது எப்படிப்பட்டது என்று இவரைப்போல் அறிந்தவர் சிலரே. அந்தாதியில் ஒரு பாட்டில் இறைவனுக்கு அறிவுரை கூறுகிறார். உலகெல்லாம் திரிந்து பிச்சை எடுப்பதானால் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பாம்பை மட்டும் விட்டுவிட்டுப் போம், அது மேலே ஆடுவதைக் கண்டால் பிச்சையிட வரும் பெண்கள் பயந்து வரமாட்டார்கள் என்பது அதன் கருத்து. வெளியூருக்குப் புறப்படும் மகனிடம் தாய் சொல்வது போன்ற பேச்சு! உருவத்தைக் கண்டு பிறர் ஓடுவதால் வரும் இழப்பை அனுபவத்தால் அறிந்தவர் அல்லவா?

மூத்த பதிகத்தின் ஒரு பாட்டு என்னை மிகவும் உருக்கியது. சுடுகாட்டுப் பேய்களை வருணிக்கிறார். குழிந்த கண், நீண்ட பல், வற்றிய வயிறு என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வருபவர், திடீரென்று ஒரு பேய்த்தாயைக் காட்டுகிறார். அவள் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிடுகிறாள். அருமையாக வளர்க்கிறாள். அதன் மேனியில் படிந்த புழுதியைத் துடைத்துப் பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறாள். தாய் திரும்பி வராமையால் அந்தக் குழந்தை அழுது அழுது அப்படியே உறங்கிப் போகிறது. அந்தக் காட்டிலேதான் இறைவன் ஆடுகிறான்.

வகுப்பில் எங்கள் பேராசிரியர் இந்தப் பாட்டை விளக்கியபோது எல்லோரும் அமைதியாக இருந்தோம். பேய்க்கும் பிள்ளை உண்டு, அந்தப் பிள்ளைக்கும் பெயர் உண்டு, அதுவும் தாயைத் தேடி அழும் என்று அம்மையார் கண்டிருக்கிறார். தொலைவில் நின்று பார்த்தவர்களுக்குப் பேய் தெரிந்தது. அருகில் சென்று பார்த்தவருக்குத் தாயும் பிள்ளையும் தெரிந்தன.

கல்லிலும் செம்பிலும்

அம்மையாரின் புகழ் தமிழகத்தோடு நிற்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் சிற்பத்தின் அடியில் அவர் அமர்ந்திருக்கிறார். கடல் கடந்து கம்போடியாவில், 967-இல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் சிரே கோயிலில், ஆடும் சிவனருகே மெலிந்த உருவில் அவரைச் செதுக்கியுள்ளனர். நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று உண்டு. எலும்பும் நரம்பும் தெரிய அமர்ந்து, கையில் தாளம் ஏந்தியிருக்கும். காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைக்க, மக்கள் முண்டியடித்துப் பிடிப்பார்கள். 1973-இல் ஏ. பி. நாகராசன் எடுத்த திரைப்படத்தில் இளம் புனிதவதியாக இலட்சுமியும் அம்மையாராகக் கே. பி. சுந்தராம்பாளும் நடித்தனர்.

மீனாட்சியம்மன் கோயிலில் சுவாமி சன்னதிச் சுற்றில் அறுபத்து மூவர் வரிசையைக் காணலாம். வழக்கமாக இவ்வரிசையில் மற்ற அடியார்கள் நின்றிருக்க, அம்மையார் ஒருவரே அமர்ந்திருப்பார். சிறுவயதில் அந்த மெலிந்த உருவைக் கண்டு அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்திருக்கிறேன்.

செல்லூர்த் தெருவில்

இப்போது எங்கள் தெரு மூதாட்டிக்கு வருகிறேன். தறிச் சத்தம் ஓயாத தெரு அது. முனைவீட்டில் அவர் தனியே இருந்தார். கணவர் பல்லாண்டுகளுக்கு முன்பே வேறு ஊரில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டாராம். தார் சுற்றிக் கொடுத்துக் கிடைக்கும் கூலியில் வயிற்றைக் கழுவினார். ஒட்டிய கன்னம், வாராத நரைத்த தலை, குச்சி போன்ற கைகள். பிள்ளைகளாகிய நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பேய்க்கிழவி. அவர் வீட்டுக் கதவில் கல்லெறிந்துவிட்டு ஓடுவது எங்களுக்கு விளையாட்டு. அவர் ஒரு நாளும் எங்கள் வீடுகளுக்கு வந்து முறையிட்டதில்லை.

ஒரு மாலை அப்படி எறிந்துவிட்டு ஓடும்போது நான் தடுக்கி விழுந்தேன். மற்றவர்கள் என்னை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். முழங்காலில் இரத்தம். கதவு திறந்தது. அவர் வந்து குனிந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். சேலைத் தலைப்பால் என் முகத்திலும் காலிலும் இருந்த மண்ணைத் துடைத்தார். பார்த்துப் போ சாமி என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார். நான் நன்றி சொல்லவில்லை. பயத்தில் வாய் எழவில்லை. அதன்பின் கல்லெறிவதை நிறுத்தினேன். ஆனால் மற்றவர்கள் எறிந்தபோது தடுக்கவும் இல்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவர் இறந்தார். தெருவில் நாலைந்து பேரே உடன் சென்றனர். நான் பள்ளிக்குப் போய்விட்டேன்.

புழுதி துடைத்த பேய்த்தாயைப் பற்றி வகுப்பில் கேட்ட அன்று எனக்கு அந்தச் சேலைத் தலைப்பு நினைவுக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளில் அவர் பெயரைக்கூட நான் கேட்டறியவில்லையே என்று வெட்கப்பட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னார்கள். அந்தப் பெயரை இங்கே அச்சிடுவது முறையன்று. என் நெஞ்சில் எழுதிக்கொண்டேன்.

அம்மையார் அளவுக்கு எல்லோராலும் பாட முடியாது. பேய் என்று பெயர் சூட்டப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் பாட்டெழுதி வைக்காமலே மறைந்துபோகிறார்கள். அவர்களைப் பேயாக்குவது அவர்களுடைய உருவமன்று. அருகில் செல்லத் துணியாத நம் அச்சம்தான். காரைக்கால் அம்மையாரின் வாழ்க்கை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுவே.

சிறுவன் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேய்கூட நல்லதாக இருக்கும் என்று அவனுக்குச் சொன்னேன். நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டான். ஒரு முறை பார்த்திருக்கிறேன், நான் விழுந்தபோது தூக்கிவிட்டது என்றேன். அதன் பெயர் என்ன என்று கேட்டான். அம்மா சொன்ன அந்தப் பெயரை அவனுக்குச் சொன்னேன்.